சத்தம் போடாத பறவைகள்

குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு காபி ஆறிப்போகும்வரை சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். "ஏரி செத்துக்கினு வருதும்மா. ரெண்டு வருஷத்துல பறவைங்க பாதிக்குப் பாதி கொறஞ்சிட்ச்சி. ரிப்போர்ட்ல அப்படித்தான் போடப் போறேன். இனிமே நீயும் காலங்காத்தால போயி அங்க குந்திகினு இருக்காத, போதும் வுடு" என்றாய். என் முட்டிவலியை நினைத்து அன்பாகத்தான் சொன்னாய், தெரியும். அடுத்த மாதம் வெளிநாடு கிளம்புகிறாய். அதற்குள் எல்லா ஏரிகளின் கணக்கையும் முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் உனக்கு. ஆனால் நீ போடப் போவது தப்பு. ஏன் தப்பு என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். போனில் சொல்ல எனக்கு வராது, பேச்சுக்கு முன்னால் அழுகை வந்து நிற்கும். அதனால் எழுதுகிறேன். ரிப்போர்ட்டை அனுப்புவதற்கு முன்னால் இதை ஒரு தடவை பொறுமையாகப் படித்துவிடு.

நீ காட்டில் மிருகங்களை எண்ணுகிற வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்கு வந்திருந்தாயே, அந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு மின்வாரியத்தில் மாதாந்திர பராமரிப்பு, ஊரெல்லாம் கரண்ட் இல்லை. விசைத்தறி எல்லாம் நின்றுபோய் ஆரணியே காது அடைத்த மாதிரி இருந்தது. உன் அப்பா ஷெட்டுக்குப் போகாமல் கூடத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். நீ காட்டில் யானை சாணத்தை எண்ணி யானைக் கணக்கு போடுவதைப் பற்றிச் சொன்னாய். அவர் சிரித்துவிட்டார். "ஊர்ல அவனவன் புள்ள லேப்டாப்ப தட்டி சம்பாதிக்கிறான். எம்புள்ள சாணி எண்றான். அதுக்கு எம்.எஸ்ஸி. வேற" என்றார். உன் முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனாலும் நீ விடவில்லை. "யானைய வுடுப்பா. புலி எத்தன இருக்குதுன்னு எப்படி எண்ணுவ, சொல்லு பாப்போம்" என்று அவரையே திருப்பிக் கேட்டாய். அவருக்குக் காது மந்தம் என்பதால் கத்திக் கேட்டாய். அது கோபத்தில் கத்தியது போலவே எனக்குக் கேட்டது.

அப்புறம் நீ சமையலறைக்குள் வந்து காராமணி டப்பாவை எடுத்துக்கொண்டு போனாய். ஒரு பெரிய பாத்திரத்தில் காராமணியைக் கொட்டினாய். அதில் இருபதை மட்டும் எடுத்து, என் குங்குமச் சிமிழை ஈரவிரலால் தொட்டு ஒவ்வொன்றாகச் சிவப்புப் பூசினாய். மறுபடியும் உள்ளே போட்டு நன்றாகக் கலக்கினாய். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளச் சொன்னாய். அவர் அள்ளியதில் நாற்பது காராமணி, அதில் சிவப்பு நாலு. "கையில வந்ததுல பத்துல ஒண்ணு சிவப்பு. அப்போ பாத்திரத்துலயும் பத்துல ஒண்ணுதான் சிவப்பு இருக்கும். நான் பூசுனது இருபது. அப்போ மொத்தம் இருநூறு. இப்படித்தான்பா. புலிக்குப் பொட்டு வெக்க முடியாது. அதோட வரியே பொட்டு. ஒரு புலி வரி இன்னொண்ணுக்கு இருக்காது. கேமரா வெச்சி மொத தடவ விழுந்தது எது, மறுபடியும் விழுந்தது எதுன்னு பாப்போம்" என்றாய். எனக்கே புல்லரித்துவிட்டது. அவரோ கையில் இருந்ததைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, "அப்போ எண்ணாமலே எண்ணிட்டேன்ற. நல்ல வேலடா இது" என்று விசிறியை எடுத்துக்கொண்டார். அன்று சாயந்தரமே நீ பஸ் ஏறிவிட்டாய். போகும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நான் தண்ணீர் பிடித்துவிட்டு உள்ளே வந்தால், அவர் தரையில் சம்மணமிட்டு அந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காராமணியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தார். முழுக்க எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்து இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். தறி ஷெட்டில் அறுந்த இழையை முடிந்துவிட்டால் அப்படித்தான் காட்டுவார்கள், சேர்ந்துவிட்டது என்று. பிறகு வாயாலும் சொன்னார். "கிட்ட வந்துட்டான்டி. ரொம்பக் கிட்ட." நான் "இத அவன்கிட்ட சொல்லலாம் இல்ல?" என்றேன். "சொன்னா அப்பறம் பெரிய இவனாட்டம் ஆடுவான். வுடு" என்றார். அப்படித்தான் குமரா உன் அப்பா. கையில் வைத்துத் தாங்குவார், வாயில் கொட்டிக் கவிழ்ப்பார். எனக்கே அவரைப் புரிந்துகொள்ள கல்யாணமாகிப் பல வருஷம் ஆனது.

இந்தக் கைஜாடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ ஷெட்டுப் பக்கமே வராத பிள்ளை. வரக்கூடாது என்று நாங்கள்தான் வைத்திருந்தோம். பத்துப் பன்னிரண்டு விசைத்தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைதான். உள்ளங்கையைத் தட்டையாகக் காட்டினால் தறி நின்றுவிட்டது. விரலை அப்படியும் இப்படியும் ஓட்டினால், ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடா ஓடுகிறது. இரண்டு விரலைப் பிரித்தால் இழை அறுந்தது. நான் வெளியறையில் நூல் சுற்றிய காலத்திலேயே இதெல்லாம் எனக்கும் பழகிவிட்டது. அவருக்குக் காது முழுக்க மந்தமான பிறகு வீட்டிலும் நாங்கள் அப்படித்தான் பேசினோம். சாப்பிட வா, கதவைச் சாத்து, மாத்திரை போட்டாயா, எல்லாமே கையில்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பேசாத புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒருநாள் நீ எனக்கு போன் செய்து, ஊர் ஏரிகளில் பறவை எண்ணுகிற வேலை ஒன்று ஆரம்பித்திருக்கிறீர்கள், நம் பக்கத்து ஏரிக்கு ஆள் கிடைக்கவில்லை, அம்மா போக முடியுமா என்று கேட்டாய். அப்பாவைக் கேட்கவில்லை. கேட்க மாட்டாய் என்று எனக்கும் தெரியும். ஞாயிறுதோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இருபது நிமிடம் உட்கார வேண்டும். அங்கே இங்கே நடக்கக் கூடாது. பார்த்ததையும் கேட்டதையும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதும் என்றாய். கூட்டமாக இருந்தால் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அந்த அளவை மொத்தக் கூட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னாய். நான் தலையாட்டிவிட்டேன். ஆனால் விடிந்தும் விடியாத நேரத்தில் கரைக்குத் தனியாகப் போக பயமாக இருந்தது. அவர்தான், "நான் வரேன், முக்காலி தூக்கிகினு" என்று டிவிஎஸ்ஸை எடுத்தார். முக்காலி தூக்க வந்தவர் இரண்டாவது முக்காலியையும் கொண்டு வந்திருந்தார்.

முதல் நாள் நாங்கள் செய்த கூத்தை உனக்குச் சொல்லவே இல்லை. கரைக்குக் கீழே அறுவடையான வயலில் மேய்ச்சலுக்குக் கொண்டுவந்த வாத்துக்கூட்டம் ஒன்று ஏரியில் இறங்கியிருந்தது. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பத்துப் பத்தாக எண்ணிவிட்டார். நானும் அதை அப்படியே உனக்குப் பேசி அனுப்பிவிட்டேன். நீ அடித்துப் பிடித்துக்கொண்டு போன் செய்து, "எம்மா, அது வளக்கிற வாத்தும்மா! வாத்துக்காரரு கூடவே நிக்கல?" என்று கேட்டாய். நின்றார், கோலோடு நின்றார், எங்களுக்கு வணக்கமே சொன்னார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தே நீ சொல்வதைப் புரிந்துகொண்டு, தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து எங்களுக்குள் ஒரு முறை வந்துவிட்டது. அவருக்குக் கண், எனக்குக் காது. ஆயிரக்கணக்கான பாவு இழையில் ஒன்று அறுந்தால் தறி ஓடும்போதே பிடிக்கிற கண் அது. சேற்றின் நிறத்திலேயே இருக்கிற உள்ளானை அவர் பார்ப்பார். கரையோரம் குச்சி மாதிரி அசையாமல் நிற்கிற மடையானைப் பார்ப்பார். பார்த்ததும் உள்ளங்கையைத் தட்டையாக நீட்டுவார். தறி நின்றுவிட்டது என்பதற்கான ஜாடை, எங்களுக்கு மடையான் ஆகிவிட்டது. தண்ணீருக்கு மேல் ஒன்று குறுக்கே பறந்தால் அவர் விரலில் நாடா ஓடும். அவர் காட்டின திசையில் நான் எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் ஒரு கண்ணில் ஆபரேஷன், இன்னொன்றில் புரை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் முகவாயைப் பிடித்துத் திருப்புவார். ஆனால் கோரைக்குள் கானாங்கோழி கத்துவதும், முக்குளிப்பான் தண்ணீருக்குள் போவதற்கு முன் கிலுகிலுவென்று சத்தம் போடுவதும், பின்னால் புளியமரத்தில் செம்போத்து கூப்பிடுவதும் எனக்குத்தான். நான் காதைத் தொட்டுக் காட்டி விரலை நீட்டுவேன். அவர் ஏதோ சாமி சொன்னது போல நம்புவார். இருபது நிமிடம் முடிந்ததும் இரண்டையும் சேர்த்து நான் போனில் பேசுவேன். அவர் வாயைத் திறக்க மாட்டார். அதனால் நான் அனுப்பின ஒலிப்பதிவு எதிலும் அவர் குரல் இல்லை. மறுபடி போட்டுக் கேட்டுப் பார், சில இடங்களில் நான் நடுவில் நிறுத்தியிருப்பேன். அப்போது அவர் எதையோ கையால் திருத்துகிறார்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன் குமரா. நீ என் கணக்கு என்று வைத்திருக்கிறாயே, அது ஒருத்தி எண்ணினது இல்லை. பலமுறை "உங்க பேரையும் சொல்லிடறேங்க" என்று அவரைக் கேட்டுவிட்டேன். "அவனா கேக்கட்டும், அப்போ சொல்லிக்கலாம்" என்பார். நீ கேட்கவில்லை. உன்மேல் தப்பில்லை, கேட்பதற்கு உனக்கு ஒன்றும் தெரியாதே. வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவர் வழக்கம்போல உன்னைச் சீண்டினார், நீயும் வழக்கம்போல முறைத்துக்கொண்டு போனாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போய், காரியம் முடிந்த அன்று, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, "அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் என் வேல மேல மரியாதையே இல்லம்மா" என்று சொன்னாய். அப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்த்தேன். அப்போது சொல்லியிருந்தால் நீ உடைந்துபோயிருப்பாய், நானும் உன்னோடு சேர்ந்து விழுந்திருப்பேன். ஒருவராவது நிற்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவர் போன பிறகும் நான் ஏரிக்குப் போவதை நிறுத்தவில்லை. ஷேர் ஆட்டோவில் இறங்கி, கரைமேல் மெதுவாக நடந்து போகிறேன். முக்காலி ஒன்றுதான் எடுத்துப் போகிறேன். காதில் விழுவதைச் சொல்கிறேன், கண்ணுக்குத் தெரிகிற பெரியதைச் சொல்கிறேன். இப்போது உன் கணக்கை எடுத்து வைத்துப் பார். குறைந்திருக்கிறது என்றாயே, எது குறைந்திருக்கிறது? மடையான், உள்ளான், கரையோரம் சும்மா நிற்கிற கொக்கு. எல்லாம் சத்தம் போடாமல் நிற்பவை. கானாங்கோழி குறைந்திருக்கிறதா? முக்குளிப்பான்? ஆள்காட்டி? செம்போத்து? நான் அனுப்பினது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவை குறையவில்லை. ஏரி கெட்டுப்போனால் கத்துகிற பறவை, கத்தாத பறவை என்று பார்த்தா கெடும்? நான் பத்தாவது தாண்டாதவள், உன் கணக்கு முறைகளெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். "பாக்காதது எல்லாம் இல்லாதது கெடையாதும்மா" என்று நீதான் சொன்னாய். மலைச்சரிவில் வரையாடுகளை எண்ணும்போது இரண்டு பேராக எண்ணுவீர்கள், ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார், அதை வைத்து இரண்டு பேரும் விட்டது எவ்வளவு இருக்கும் என்று கூடக் கணக்குப் போடலாம் என்றாயே. அந்தக் கணக்குதான் இதுவும். ஏரியில் குறைந்தது பறவை இல்லை. உன் அப்பா.

ஒரு கோடையில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எதுவும் இல்லையே என்று நான் எதையும் அனுப்பவில்லை. நீ அதற்கும் போன் செய்தாய். "ஒண்ணுமே இல்லன்னாலும் இல்லன்னு சொல்லணும்மா. இல்லன்றதும் கணக்குதான். சொல்லலன்னா நீ போகலன்னு ஆயிடும்" என்றாய். அதற்குப் பிறகு நான் வறண்ட ஏரியின் முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்து, "இன்னிக்கு எதுவும் இல்லப்பா" என்று சொல்லி அனுப்பினேன். அவர் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதையும் உனக்குச் சொல்கிறேன். இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

நீ வாராவாரம் தவறாமல் பேசுகிறாய், எந்தப் பிள்ளை இப்படிச் செய்யும் என்று ஊரே சொல்கிறது. ஆனால் நீ கூப்பிடுவது ஞாயிறு காலை, நான் ஏரியிலிருந்து திரும்பி வந்த உடனே. வாரத்திலேயே நான் நன்றாக இருக்கிற நேரம் அதுதான். காற்று பட்டிருக்கும், நாலு பறவை பார்த்திருப்பேன், குரல் தெளிவாக இருக்கும். "எப்படிம்மா இருக்க?" என்பாய், "நல்லா இருக்கேன்பா" என்பேன். பொய் இல்லை. ஆனால் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் மட்டும் பார்த்தால், மற்ற நேரத்தில் வந்துபோவது தெரியாமலே போய்விடும் என்று நீதானே சொல்வாய். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூப்பிட்டிருந்தால் உனக்கு வேறு கணக்கு வந்திருக்கும். சோறு வடித்துவிட்டு, அவரைச் சாப்பிடக் கூப்பிடக் கையைத் தூக்குகிறேன். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்கள் பேச்சு இந்த ஊரில் இன்னும் எத்தனையோ ஷெட்டில் பேசப்படுகிறது, ஆனால் என்னிடம் பேச அதில் யாரும் இல்லை. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை குமரா. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு உடனே பயணத்தை ரத்து செய்கிறேன் என்று ஆரம்பிக்காதே. போய்விட்டு வா. நீ போகிற தேசத்தில் என்ன மிருகம் என்று நீ சொன்ன பெயர் என் வாயில் நுழையவில்லை, ஆனால் பனியில் அதன் கால்தடத்தைப் பார்த்து எண்ணப் போகிறாய் என்று புரிந்தது. உன் அப்பா இருந்திருந்தால், காலை எண்ணி நாலால் வகுக்கப் போகிறாயா என்று கேட்டிருப்பார். கேட்டுவிட்டு நீ போன பிறகு அரிசி மாவைத் தரையில் தூவி, பூனையை நடக்க விட்டுப் பார்த்திருப்பார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். உன்னோடு வேலை செய்பவர்களிலும் இப்படி ஆட்கள் இருப்பார்கள். பேசுகிறவர்களை யார் வேண்டுமானாலும் கவனித்துவிடலாம். ஓரமாக அசையாமல் நிற்பவர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நானும் அவரைக் காட்ட உன் முகவாயைப் பிடித்துத் திருப்பியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு உன்னிடம் கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது. ஏரிக்குப் போகாதே என்று மட்டும் சொல்லாதே. ஒரு வாரத்தில் அந்த இருபது நிமிடம்தான் நான் யாருக்காவது வேண்டியவளாக இருக்கிறேன். இரண்டாவது, அந்த ரிப்போர்ட். ஏரி செத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதாதே, அது உயிரோடுதான் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் எதிரில் எண்ணியவர்கள் எத்தனை பேர் என்று போட ஒரு கட்டம் இருக்கிறது, எல்லாவற்றிலும் ஒன்று என்று போட்டிருக்கிறேன் என்றாயே. அதைத் திருத்து. அப்பாவின் பெயர் வேண்டாம், அவருக்குக் கூச்சம். அவர் இருந்தவரைக்கும் இரண்டு என்று போடு. அதற்குப் பிறகு ஒன்று. கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு நீ வந்தால், நான் பின்கட்டிலிருந்து அவருடைய முக்காலியைத் துடைத்து எடுத்து வருகிறேன். பேச வேண்டாம், என் கையை மட்டும் பார். அன்றைக்கு மட்டும் மறுபடியும் இரண்டு என்று போட்டுக்கொள்.

அம்மா